புதிய இசையும் நம் செவியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்று மாலை இம்மேடையில் நம் குழந்தைகள் திருப்புகழ் பாடினர், கீர்த்தனைகள் பாடினர், வீணையும் மிருதங்கமும் ஒலித்தன. பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு இவ்விசை வெறும் பொழுதுபோக்கு அன்று. தமிழ் எழுத்தறியாத பிள்ளையும் தமிழ்ப் பாட்டு ஒன்றை அறிந்திருப்பதால், நம் குடும்பத்தின் இழை அறுந்து போகாமல் நிற்கிறது. ஆகவே இசையைப் பற்றிய எந்த மாற்றமும் நம் உள்ளத்தைத் தொடுகிறது. சில வேளை சுடவும் செய்கிறது.

அத்தகைய மாற்றம் ஒன்றே இப்பொழுது சங்கத்தின் முன் நிற்கிறது. அடுத்த ஆண்டு விழாவில் தாங்களே இயற்றும் புதிய இசைக்கு அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று நம் இளைஞர் சிலர் கேட்டுள்ளனர். மிருதங்கமும் இருக்குமாம், மின் கருவியும் இருக்குமாம், தெருவின் ஓசையைப் பதிவு செய்து அதையும் சேர்ப்பார்களாம். 'பழைய இசையையே நம் பிள்ளைகள் முழுதும் கற்கவில்லை. இந்நிலையில் புதுமைக்கு என்ன அவசரம்?' என்று பெரியோர் சிலர் வினவுகின்றனர். இருசாரார் கூற்றிலும் பொருள் இருக்கிறது. முடிவு எடுக்குமுன், உலகில் புதிய இசைக்கென்றே நடைபெறும் விழாக்கள் எவ்வாறு தோன்றின, அவற்றால் விளைந்தது யாது, அவற்றிற்கும் நமக்கும் உறவு உண்டா என்பவற்றை எடுத்துரைக்குமாறு செயற்குழு பணித்தது. அப்பணியையே இங்கு மேற்கொள்கிறோம்.

புதிய இசை என்றதும் நமக்கு நினைவு வரவேண்டிய முதல் ஊர் ஜெர்மனியில் உள்ள டோனாஎஷிங்கன் ஆகும். டான்யூப் ஆறு தோன்றும் இடமெனப் போற்றப்படும் சிற்றூர் அது. முதல் உலகப் போர் முடிந்து மூன்றாண்டுகள் சென்றபின், 1921-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அவ்வூர்ப் பிரபு ஒருவரின் ஆதரவில், வாழும் இசையாசிரியர்களின் புதிய ஆக்கங்களை மட்டுமே இசைப்பதென்று ஒரு விழா தொடங்கிற்று. மறைந்தோரைப் போற்ற விழாக்கள் பல இருந்தன. வாழ்வோரைக் கேட்க விழா இல்லை என்ற குறையை அது போக்கியது. மறு ஆண்டே சால்ஸ்பர்க் நகரில் தற்கால இசைக்கான பன்னாட்டுக் கழகம் அமைந்தது. பின்னர் 1956-இல் போலந்து நாட்டின் வார்சாவில் 'வார்சா இலையுதிர்காலம்' என்னும் பன்னாட்டு விழாவும், 1978-இல் இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் மற்றொரு விழாவும் தோன்றின.

இவற்றுள் நம் கருத்தை மிகவும் ஈர்ப்பது டார்ம்ஸ்டாட் நகரில் 1946-இல் தொடங்கிய கோடைப் பயிற்சி முகாமும் அதனோடு இணைந்த இசை நிகழ்ச்சிகளுமாம். 1944-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஒரே இரவில் பொழிந்த குண்டுகளால் அந்நகரின் நடுப்பகுதி எரிந்து சாம்பலாயிற்று. வீடிழந்தோர் வீடு தேடிக்கொண்டிருந்த காலத்தில் இசைக்கு முகாம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அதற்கு விடை, அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் இருக்கிறது. ஹிட்லரின் ஆட்சி புதிய இசையைப் பழித்தது, விலக்கியது, 1938-இல் 'சீர்கெட்ட இசை' என்று பெயரிட்டு டுசல்டார்ஃப் நகரில் கண்காட்சியே நடத்திற்று. ஒரு தலைமுறை இளைஞர் தம் காலத்து இசையைக் கேளாமலே வளர்ந்தனர். அவர்கள் செவியைத் திறப்பதும் நகரை மீட்டும் கட்டுவதன் ஒரு பகுதியே என்று அறிந்தோர் கருதினர். எந்த இசையை மக்கள் கேட்கலாம் என்று அதிகாரம் தீர்மானிக்கும் இடத்தில், புதிய இசைக்கு ஒரு மேடை அமைப்பது சிறு செயல் அன்று.

சரி, அவை ஐரோப்பியர் விழாக்கள். அவர்கள் போர், அவர்கள் துயர், அவர்கள் இசை. நமக்கு என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு. அவ்வுறவின் வேர் நாம் வாழும் இந்த மராட்டிய மண்ணிலேயே இருக்கிறது.

புணேயிலிருந்து வடகிழக்கே சென்றால் தௌலதாபாத் கோட்டையைக் காணலாம். அதன் பழம்பெயர் தேவகிரி. யாதவ மன்னரின் தலைநகர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே சிங்கண மன்னன் அவையில் கணக்கதிகாரியாய் விளங்கியவர் சார்ங்கதேவர். அவருடைய பாட்டனார் காஷ்மீரத்திலிருந்து தெற்கே குடிபெயர்ந்து வந்தவர். பகலில் அரசாங்கக் கணக்கைப் பார்த்த அவ்வறிஞர், 'சங்கீத ரத்னாகரம்' என்னும் ஏழு இயல்களைக் கொண்ட பெருநூலை வடமொழியில் இயற்றினார். வடநாட்டு இசையாரும் தென்னாட்டு இசையாரும் ஒருங்கே தம் முதல்நூல் என்று கொள்ளும் நூல் அது. அதன் தாள இயலில் நூற்றிருபது தேசித் தாளங்களை அவர் வகுத்துக் கூறினார். அவற்றுள் பெரும்பாலானவை இன்று நம் கச்சேரிகளில் வழங்குவதில்லை.

நாம் மறந்த அத்தாளங்களை நினைவு கூர்ந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். ஒலிவியே மெஸ்ஸியான் என்பது அவர் பெயர். 1908 முதல் 1992 வரை வாழ்ந்தவர். பாரிஸில் வெளியான இசைக் கலைக்களஞ்சியம் ஒன்றில் சார்ங்கதேவரின் தாளப் பட்டியலை அவர் கண்டார். வெறும் பெயரும் அளவுமாய் நின்ற அப்பட்டியலை அவர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். குறிப்பாக முன்னும் பின்னும் ஒரே வடிவாய் அமைந்த தாளங்கள் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. 'டேங்கி' என்பது அவற்றுள் ஒன்று. குரு, லகு, குரு என்று நிற்பது. தலையிலிருந்து எண்ணினாலும் காலிலிருந்து எண்ணினாலும் ஒன்றே. 'விகடகவி' என்னும் சொல்லைத் திருப்பிப் படித்துக் களிக்கும் நம் குழந்தைகளுக்கு இது புதிதன்று. ஞானசம்பந்தர் மாலைமாற்று என்று பதிகமே பாடிய மரபு நம்முடையது. சொல்லில் நாம் கண்ட அழகை மெஸ்ஸியான் காலத்தில் கண்டார்.

இரண்டாம் உலகப் போரில் அவர் சிறைப்பட்டு, ஜெர்மனியரின் கைதி முகாம் ஒன்றில் அடைக்கப்பட்டார். உடன் இருந்த கைதிகளில் வயலின் வாசிப்பவர் ஒருவர், செல்லோ வாசிப்பவர் ஒருவர், கிளாரினெட் வாசிப்பவர் ஒருவர் இருந்தனர். அவர்களுக்கும் பியானோவுக்குமாக அவர் இயற்றிய 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை' 1941-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள், கடுங்குளிரில், கைதிகளும் காவலரும் கேட்க அம்முகாமிலேயே அரங்கேறிற்று. அதன் முதற்பகுதியில் பியானோ இசைக்கும் தாளம் யாது? ராகவர்த்தனம், சந்திரகலா, லட்சுமீசம் என்னும் மூன்று தேசித் தாளங்களின் கோவை! தேவகிரியில் ஒரு கணக்கர் எழுதிவைத்த தாளம், எழுநூறு ஆண்டுகள் கழிந்து, முள்வேலிக்குள் பசித்திருந்தோர் செவியில் ஒலித்தது. அதை நாம் பெருமையுடன் எண்ணலாம். ஆனால் நம் நூலை நாம் மூடிவைத்திருந்தோம் என்பதையும் உடன் எண்ணவேண்டும்.

அப்பகுதியின் அமைப்பைத் தாளம் அறிந்த நம்மவர் எளிதில் உணர்வர். ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தின்மேல் ஐந்து அட்சரச் சொற்கட்டு ஒன்றை இடைவிடாது வாசித்தால், நாற்பதாம் அட்சரம் முடிந்த பின்னரே இரண்டும் ஒன்றாய்ச் சமத்தில் வந்து கூடும். மெஸ்ஸியான் பதினேழு கால அளவுகளைக் கொண்ட தாளக் கோவையின்மேல் இருபத்தொன்பது சுரக் கூட்டங்களைச் சுழலவிட்டார். அவை மீண்டும் தொடக்கத்தில் கூடவேண்டுமாயின் 493 தட்டுக்கள் செல்லவேண்டும். அதற்கு நெடுமுன்பே அப்பகுதி முடிந்துவிடுகிறது. நாம் சமத்திற்குக் காத்திருந்து தலையசைப்போம். அவரோ சமமே வாராத காலத்தைக் காட்ட விரும்பினார். கணக்கு ஒன்று, கருத்து வேறு. நம் தாளத்தை அவர் நம்மைப் போல் வாசிக்கவில்லை. நம் தாளத்திலிருந்து தம் இசையைச் செய்துகொண்டார். புதுமை என்பது பெரும்பாலும் இவ்வாறே பிறக்கிறது.

இவர் 1949-இல் டார்ம்ஸ்டாட் முகாமுக்குச் சென்றார். அங்கே அவர் எழுதிய சிறு பியானோ ஆக்கம் ஒன்றின் இசைத்தட்டை 1951-இல் அதே முகாமில் கேட்ட இளைஞர்களில் ஸ்டாக்ஹவுசன் ஒருவர். அவர் மறு ஆண்டு பாரிஸ் சென்று மெஸ்ஸியானிடம் பயின்றார். பூலே, செனாகிஸ் முதலியோரும் அவர்பால் பயின்றவரே. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதிய இசையின் போக்கைத் திருப்பிய பெயர்கள் இவை.

அமெரிக்காவிலும் இது போன்ற உறவு உண்டு. 1946-இல் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் அம்மையார் நியூயார்க் சென்று, ஜான் கேஜ் என்பவரிடம் மேலை இசை கற்றார். கைம்மாறாக நம் இசையை அவருக்குக் கற்பித்தார். இசை எதற்கு என்று கேஜ் வினவ, மனத்தை அடக்கி அமைதியுறச் செய்து தெய்வத் தன்மையை ஏற்கும்படி ஆக்குவதற்கு என்று தம் ஆசான் கூறியதை அம்மையார் எடுத்துரைத்தார். அவ்விடை கேஜின் வாழ்வையே மாற்றிற்று. பியானோவின் தந்திகளுக்கிடையே திருகாணியும் ரப்பரும் செருகி அவர் இயற்றிய ஆக்கங்களில் நம் நவரசக் கொள்கையைத் தழுவிக்கொண்டார். தந்திக்கிடையே திருகாணியா என்று நகைக்க வேண்டா. தம்புராவின் குதிரைமேல் தந்திக்கடியில் நாம் ஒரு நூலைச் செருகுகிறோம். அந்நூல் சற்று நகர்ந்தால் நாதம் செத்துவிடும். இடத்தில் நின்றால் உயிர்பெறும். அதனாலன்றோ அதற்கு 'ஜீவா' என்று பெயரிட்டோம்! மண்பானையைக் கடமாக்கி மேடையேற்றியவரும், நீர் வார்த்த கிண்ணங்களை ஜலதரங்கமாக்கியவரும் நம் முன்னோரே.

இதே கேஜ் 1952-இல், நான்கு நிமிடம் முப்பத்து மூன்று வினாடி ஒருவர் பியானோவின் முன் அமர்ந்து ஒன்றும் வாசியாதிருக்கும் ஆக்கத்தை அரங்கேற்றினார். காற்றும் கூரைமேல் வீழ்ந்த மழைத்துளியும் எழுந்து சென்றோரின் முணுமுணுப்புமே அன்று இசையாயின. இதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. எனினும், அமைதியாய் அமர்ந்து சுற்றுமுள்ள ஓசைக்குச் செவி கொடுங்கள் என்ற அழைப்பில் குற்றம் இருப்பதாகத் தோன்றவில்லை.

நம் நாட்டிலும் முயற்சி எழாமல் இல்லை. 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மின்னிசைக் கருவி ஒன்றை நிறுவினர். கீதா சாராபாய் உள்ளிட்டோர் 1972 வரை அதில் புதிய ஆக்கங்களைச் செய்து ஒலிநாடாவில் பதித்தனர். பின்னர் அந்நாடாக்கள் பெட்டிக்குள் உறங்கின. பல்லாண்டுகள் கழித்து அவற்றைத் தேடி எடுத்தனர். 2023-இல்தான் அவை இசைத்தட்டாய் வெளிவந்தன. டார்ம்ஸ்டாட்டின் முயற்சி வளர்ந்ததற்கும் அகமதாபாத்தின் முயற்சி உறங்கியதற்கும் காரணம் பல இருக்கலாம். ஆயினும் ஒரு வேறுபாடு கண்கூடு. அங்கே கேட்போர் கூட்டம் ஒன்று குறித்த காலத்தில் தவறாமல் கூடிற்று; இங்கே கூடவில்லை. விழா என்பதன் பயன் இதுவே. கலைஞனின் திறத்தை விழா உண்டாக்காது. கேட்பவனின் பழக்கத்தை அது உண்டாக்கும்.

இனி நம் புணேயைப் பார்ப்போம். இந்நகரின் பெரிய இசை விழாவை நம்மில் அறியாதார் இல்லை. சவாய் கந்தர்வர் மறைந்த மறு ஆண்டு, 1953-இல், அவர் மாணவர் பீம்சேன் ஜோஷி தம் ஆசானின் நினைவாக அதைத் தொடங்கினார். ஆரிய சங்கீத பிரசாரக் மண்டலம் அதை நடத்துகிறது. பல்லாண்டுகள் விடிய விடிய அவ்விழா நடந்தது. நிறைவு நாளில் பீம்சேன் பாடி முடிப்பது வழக்கமாய் இருந்தது. ஒலிக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின் இரவிலேயே முடித்துக்கொள்கின்றனர். பீம்சேன் 2011-இல் மறைந்தபின் அவர் பெயரும் விழாவின் பெயரோடு இணைந்தது.

இவ்விழாவின் கொடிவழியைச் சற்று எண்ணிப் பாருங்கள். பீம்சேன் பிறந்தது கன்னட நாட்டுக் கதக்கு. சவாய் கந்தர்வர் தார்வாடு வட்டாரத்தவர். அவருடைய ஆசான் அப்துல் கரீம் கான் வடநாட்டுக் கிரானாவில் பிறந்து, மராட்டிய நாட்டில் வாழ்ந்து, 1913-இல் இப்புணேயில் இசைப்பள்ளி நிறுவி, மிரஜில் நிலைத்தவர். அவர் சென்னைக்குப் பலமுறை சென்றார். நம் இசையை விரும்பிக் கேட்டார். தியாகராசர் கீர்த்தனையும் பாடினார். நம்மவர் சுரம் பாடும் முறையைத் தம் இசையில் எடுத்தாண்டார். வடநாட்டு இசையில் அது அன்று புதுமை. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் வழியில் உடல்நலம் குன்றி, செங்கற்பட்டை அடுத்த சிங்கப்பெருமாள்கோயில் இரயில் நிலையத்தில் இறங்கி, அங்கேயே உயிர் நீத்தார். புணேயின் இசைத்தந்தையருள் ஒருவர் இறுதி மூச்சை விட்டது தமிழ் மண்ணில். சார்ங்கதேவரின் பாட்டனார் காஷ்மீரத்தார், கரீம் கான் வடநாட்டார், பீம்சேன் கன்னடர். இந்நாட்டின் இசையை வளர்த்தோர் இவ்வாறு ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். நாமும் அவ்வாறு வந்தவர்களே.

நாம் தொன்மை என்று போற்றுவனவற்றையும் சற்று நோக்குவோம். சிலப்பதிகாரத்தின் அரங்கில் முதன்மை பெற்ற யாழ் இன்று எங்கே? வயலின் இல்லாக் கச்சேரியை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதுவோ ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்று நமக்குத் தந்த கருவி. அவருடைய தமையனார் முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலப் படைக்குழுவினரின் மெட்டுக்களுக்கு வடமொழிச் சொல் அமைத்தார். வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும் கச்சேரி முறையை இன்றைய வடிவில் நிலைநாட்டியவர் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார். அவர் மறைந்தது 1967-இல்தான். தமிழ்ப் பாட்டைக் கச்சேரியின் நடுவில் வைக்கவேண்டும் என்று 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, மரபு கெடும் என்று மறுத்தோரும் இருந்தனர். அன்று மறுத்தது வென்றிருந்தால் இன்று மாலை நம் குழந்தைகள் பாடிய பாட்டுக்களில் பாதி இம்மேடைக்கு வந்திரா.

இவ்வாறு கூறுவதால் புதியன யாவும் நல்லன என்பது கருத்தன்று. டார்ம்ஸ்டாட்டிலேயே 1950-களில் ஒரு வகைக் கண்டிப்பு தலைதூக்கிற்று. செவிக்கினிய மெட்டு எழுதியோரை ஏளனம் செய்தனர். பழமையின் கொடுங்கோலுக்கு மாற்றாகப் புதுமையின் கொடுங்கோல் வேண்டுவதில்லை. புதிய ஆக்கங்களுள் பெரும்பகுதியைக் காலம் கழித்துவிடும். ஆனால் கேட்ட பின்னரே கழிக்க இயலும். கேளாமல் கழிப்பது தீர்ப்பன்று.

பெரியோரின் வினாவுக்கு வருவோம். பழையதைக் கற்குமுன் புதியது எதற்கு? இதற்கு மெஸ்ஸியானின் வாழ்வே விடை. ஐரோப்பாவின் துணிவுமிக்க புதுமையாளருள் ஒருவரான அவர், 1931 முதல் இறுதிவரை, அறுபது ஆண்டுக் காலம், பாரிஸ் நகரின் ஒரு தேவாலயத்தில் வழிபாட்டிற்கு ஆர்கன் வாசிக்கும் பணியை ஏற்றிருந்தார். பழமையில் வேர் ஊன்றியவரே தொலைவில் கிளை பரப்ப இயலும். எனவே இளைஞர்களுக்கு ஒரு சொல்: அலங்காரமும் வர்ணமும் கற்காமல் புதுமைக்குப் பாய்தல் வேண்டா. கருவியின் பொத்தானை அழுத்துவது எளிது. அழுத்தாதிருக்கவேண்டிய இடத்தை அறிவதே கலை.

பெரியோர்களுக்கும் ஒரு சொல் பணிவுடன். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் கேட்கின்றனர். தெருவில் மராட்டி கேட்கின்றனர். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் கேட்கின்றனர். விநாயகர் ஊர்வலத்தில் டோலும் தாஷாவும் அவர்கள் மார்பில் அதிர்கின்றன. அவர்கள் செவி நம் செவி போன்றதன்று. அச்செவியில் நிறைந்துள்ளதை அவர்கள் இசையாக்க விரும்பும்போது, அதற்கு நம் சங்கத்தில் இடமில்லை என்றால் அவர்கள் வேறிடம் செல்வர். பாட்டோடு தமிழையும் விட்டுச் செல்வர். இடம் தந்தால், தங்கள் புதுமையிலும் ஒரு மிருதங்கச் சொல்லை, ஒரு பண்ணின் சாயலை அவர்கள் வைத்துக்கொள்வர்.

ஆகவே செயற்குழுவிற்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, அடுத்த ஆண்டு அந்த அரை மணி நேரத்தைத் தருவோம்; கூட்டம் கலைந்தபின் இறுதியில் தராமல், நடுவில் தருவோம். இரண்டாவது, அம்மேடையில் ஏறுவோர் மரபிசை ஒன்றையும் முன்னதாகப் பாடியோ வாசித்தோ காட்டவேண்டும் என்று விதி செய்வோம். மூன்றாவது, புதிய ஆக்கத்தை இருமுறை இசைக்கச் செய்வோம். 1918-இல் வியன்னா நகரில் ஷோன்பர்க் என்பவர் அமைத்த இசைக் கழகத்தில், கைதட்டல் கூடாது, இகழ்ச்சி ஒலி கூடாது, கடினமான ஆக்கத்தைத் திரும்பத் திரும்ப இசைக்கவேண்டும் என்று விதித்தனர். கைதட்டலை நாம் விலக்க வேண்டுவதில்லை. நம்மால் இயலவும் இயலாது! ஆனால் இரண்டாம் முறை கேட்கும் பொறுமை நமக்கு இயலும். முதல் முறை கேட்பது காது. இரண்டாம் முறை கேட்பது மனம்.

வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். செல்வத்துள் தலையாயது செவியால் பெறுவது என்று கொண்டார். அச்செல்வத்தைச் சேர்க்க நம் சங்கம் இன்னும் அரை மணி நேரம் செலவிடுவது இழப்பாகாது என்று கூறி அமைகிறோம்.

வளர்க சங்கம்! வாழ்க தமிழ்!